ஏழுமலை கை காட்டிய புதர்

போன வாரம், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வனவர் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. பழைய ரோந்துப் பாதைகளைப் பற்றிக் கேட்க வந்தவர், பேச்சுக்கு நடுவே போனை என் பக்கம் நீட்டினார். "இதப் பாருங்க சார், கௌதாரி அடையற புதர். நேத்து ஈவினிங் ரவுண்ட்ஸ்ல எடுத்தேன்" என்றார்.

படத்தில் பறவை எதுவும் இல்லை. ஒரு வேலிகாத்தான் புதர், அதைச் சுட்டிக் காட்டும் ஒரு கை, அடியில் ஊர், நேரம், இடத்தின் துல்லியமான எண்கள், எடுத்தவரின் பெயர். அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

உடனே அழிக்கச் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதையான வார்த்தை, கத்தினேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் பயந்துபோய், "குரூப்ல போட்டுட்டேனே சார்" என்றார். காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிள்ளையை அப்படி அனுப்பியது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ஏன் கத்தினேன் என்பதை அவருக்கும், அவரோடு இந்த ஆண்டு வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். இதில் என் பெருமை எதுவும் இல்லை.

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே நான் பார்த்த பகுதியில் காடே கிடையாது. காடு இல்லாத ஊருக்கு வனவர் என்று கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். நெல் வயல், வேர்க்கடலைக் கொல்லை, மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, மனை பிரித்துக் கல் நட்டுவிட்டு யாரும் வீடு கட்டாமல் புல் மண்டிக் கிடக்கிற நிலம். இவ்வளவுதான். ஆனால் அந்தப் புல்லுக்குள் முயல் இருந்தது, கௌதாரி இருந்தது, காடை இருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து காட்டுப்பன்றி வந்தது. ஒரு பக்கம் விவசாயி பன்றியைச் சுட உத்தரவு கொடு என்பார். மறுபக்கம் யாரோ வலையோடு வந்து கௌதாரியை அள்ளிக்கொண்டு போவான். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் என் வேலை.

என்னோடு நடந்தவர் ஏழுமலை. வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிகப் பணி. சின்ன வயதில் அவரே வலை கட்டி முயல் பிடித்தவர். அந்த விரல் நகம் வலைக் கயிற்றில் போனதுதான். ஒருமுறை பிடிபட்டு, அபராதம் கட்டி, அதன் பிறகு எங்கள் பக்கம் வந்தவர். புல் சாய்ந்திருப்பதைப் பார்த்தே இது முயல் போன வழி, இது கீரி போன வழி என்று சொல்லிவிடுவார். தற்காலிகப் பணியில் தொடர்ச்சியாகப் பத்து வருடம் முடித்தால் நிரந்தரமாக்க வாய்ப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒன்பது வருடம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

என் தப்பு ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. ஏரி மதகுக்குப் பக்கத்தில் விவசாயிகள் கூடியிருந்தார்கள். பன்றி கடலையைக் கிளறிப்போட்டிருந்தது. நான் நஷ்ட ஈட்டு விண்ணப்பத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, கீரை போடுகிற ஒரு அம்மா எழுந்து நின்றார்.

"பன்னி வருது, மயிலு வருது, அல்லாம் வருது சார். நீங்க மட்டுந்தான் வர்றதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த வரப்பில் நடக்கிறவன் நான். முள் கிழித்த கால்சட்டையைத் தைத்துத் தைத்து என் மனைவிக்கு அலுத்துவிட்டது. அன்றைக்கே ரோஷத்தில் விவசாயிகளை வைத்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். பன்றி வந்தால் அவர்கள் சொல்லலாம், நாங்கள் வந்தால் அவர்களுக்குத் தெரியட்டும் என்று. யார் வேண்டுமானாலும் உள்ளே வர ஒரு லிங்க்கும் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ரேஞ்சர் மேடம் ஒவ்வொரு ரோந்துக்கும் இடம், நேரம் பதிந்த படங்களை ஆபீஸ் குரூப்பில் போடச் சொல்லியிருந்தார். அது நியாயமான உத்தரவு. நான் செய்தது, அதே படங்களை ஊர் குரூப்புக்கும் தள்ளிவிட்டது. வெறும் வரப்பைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? முயல் புகுந்து போகிற வேலி இடுக்கு, கௌதாரி அடைகிற புதர், பன்றி புரண்ட சேறு. படம் எடுத்தால் எது எங்கே என்று புரிய வேண்டாமா? ஏழுமலையைப் பக்கத்தில் நிறுத்தி விரலால் காட்டச் சொல்வேன். எல்லாப் படத்திலும் அவர் கை இருக்கும், அடியில் என் பெயர் இருக்கும். ஊர் குரூப்பில் கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழும். கீரை அம்மாகூட ஒரு கும்பிடு போட்டார். எனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் எண்ணுவேன்.

ஏழுமலை இரண்டு முறை தடுத்தார். முதல் முறை, "ஆள போட்டோ புடிங்கோ சார், எடத்த ஏன் புடிக்கிறீங்கோ?" என்று கேட்டார். ரோந்து வந்ததற்கு ஆதாரம் வேண்டாமா என்றேன். இரண்டாவது முறை கொஞ்சம் விளக்கமாகவே சொன்னார்.

"வல கட்றது அஞ்சு நிமிட் வேல சார். தடத்த தேடி கண்டுபுடிக்கிறதுதான் பேஜாரு. பத்து நாளு அலையணும்."

நான் சிரித்தபடி, "உன் பழைய புத்தி இன்னும் போகலையே ஏழுமலை" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் சிறகுகள் கிடைக்க ஆரம்பித்தன. நாங்கள் பார்த்த புதருக்கு அடியிலேயே கௌதாரிச் சிறகு, இரத்தம், அறுந்த வலைத் துண்டு. அடுத்தது இன்னொரு புதர், அதற்கடுத்து ஒரு முயல் இடுக்கு. எல்லாம் நாங்கள் நடந்து போன ஓரிரு நாளைக்குள். அந்த இடங்கள் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். ஒன்று நான், இன்னொன்று வலை கட்டத் தெரிந்த ஏழுமலை. கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்தது பாருங்கள். குரூப்பில் இருந்த அத்தனை பேரும் என் கணக்கிலேயே வரவில்லை. அவர்கள் எனக்குக் கட்டைவிரல் காட்டுகிறவர்கள், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் மாலை, மனைக் கல் ஒன்றின் இடப்பக்கப் புதருக்குள் கௌதாரிகள் வரிசையாக நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன். படம் எடுக்கும்போது ஏழுமலை வலப்பக்கப் புதரைக் காட்டினார். கேட்டதற்கு, "போட்டோக்குத்தான சார், எதுனா ஒண்ணு" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அப்படி நடந்தது. அந்தச் சமயத்தில் வலை கட்டிய தடம் மட்டும் கிடைத்தது, சிறகு கிடைக்கவில்லை. நான் வருவதற்குள் தடயத்தைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். நல்ல இடங்களைத் தனக்கென்று ஒளித்து வைத்துக்கொண்டு எனக்குப் பொய்யைக் காட்டுகிறார் என்று ரேஞ்சர் மேடத்திடம் எழுத்தில் கொடுத்தேன். மேடம் இரண்டு தரம் கேட்டார், நிச்சயமாகத் தெரியுமா என்று. நிச்சயம் என்றேன்.

ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டார்ச், சட்டை, விசில் எல்லாவற்றையும் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. என்னைத் திட்டுவார், காலில் விழுவார் என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "விசிலு உள்ள இருக்கற உருண்ட ஒடஞ்சி கீது சார். வேற வாங்கிக்கோங்கோ."

அவர் போன பிறகு இடங்களை நானே குச்சியால் காட்டிப் படம் எடுத்துப் போட்டேன். சிறகுகள் மறுபடி கிடைத்தன, முன்னைவிட அதிகமாக. பார்த்தீர்களா, இப்போது பயமே இல்லாமல் செய்கிறான் என்று நான் ஆபீஸில் சொன்னேன். அவர் மேல் வழக்குப் போட வேண்டும் என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலை. வனக்காப்பாளர் கபீரும் நானும் பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு விவசாயக் கிணற்றடியில் தண்ணீர் லாரி நின்றது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தினமும் இந்தக் கிணறுகளிலிருந்துதான் தண்ணீர் போகிறது. கபீர்தான் பைக்கை நிறுத்தினார். லாரி நிற்கிறது, ஹோஸ் கிணற்றில் இறங்கவில்லை, மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் பிடிக்காமல் தண்ணீர் லாரிக்கு அங்கே என்ன வேலை?

சற்று நேரத்தில் டிரைவர் மனைக் கற்களுக்கு நடுவிலிருந்து வந்தான். தோளில் வலை, கையில் சிமெண்ட் சாக்கு. சாக்கு அசைந்துகொண்டிருந்தது. ஓடக்கூட முயலவில்லை. சாக்கை அவிழ்த்தால் பதினோரு கௌதாரிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மூன்று ஏற்கனவே செத்திருந்தன.

யாரிடம் விற்கிறான் என்று பார்க்க அவன் போனைத் திறக்கச் சொன்னேன். அதை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்த நான் ஒரு படத்தில் நின்றேன். முதலில் எனக்குப் புரியவே இல்லை. இது என் போன் ஆயிற்றே, இவன் கையில் எப்படி வந்தது என்றுதான் தோன்றியது. புதர், கை, இடம், நேரம், அடியில் என் பெயர். அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் எடுத்த அத்தனை படங்களையும் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தான். கபீர் ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. லாரியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் ஒரு தப்பும் செய்யாதவன் போலப் பேசினான். தண்ணீர் பிடிக்கிற நேரம் கேட்டுக்கொள்ள வசதியாக ஒரு விவசாயி அவனுக்கு ஊர் குரூப்பின் லிங்க்கை அனுப்பியிருக்கிறார். "நீங்க போட்ட எடத்துக்குத்தான் சார் வந்தேன்" என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னிடம் ஒரு குறையும் சொன்னான்.

"அந்தாளு கை காட்ற எடம் மொதல்ல கரீட்டா இருந்திச்சி சார். அப்பால பாதி டூப்பு. வல கட்டி வெறுங்கையாத்தான் போவேன். அந்தாளு போனதுக்கப்பறம் நீங்க குச்சிய வெச்சி காட்ட ஆரமிச்சீங்கோ பாருங்கோ, அதுக்கப்பறந்தான் மறுபடி நல்லா மாட்டுது."

என் முப்பத்து நான்கு வருட வேலையில் நான் கேட்ட மிகப் பயங்கரமான வாக்கியம் அதுதான். யானை விரட்டியிருக்கிறது, ஒருவன் அரிவாளை ஓங்கியிருக்கிறான். எதற்கும் நான் அப்படி ஆடிப்போனதில்லை. ஏழுமலை பொய் காட்டியது உண்மை. ஆனால் அது எனக்கு அல்ல. என்னைத் தாண்டி அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவனுக்கு. இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு, நான் கேட்கவில்லை என்றதும் விரலால் காப்பாற்றியிருக்கிறார். அந்த விரலைத்தான் சாட்சியாக வைத்து நான் அவரை வெளியே அனுப்பினேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு இன்னும் அவமானம். கபீர் லாரியின் படியில் உட்கார்ந்து கைப்பற்றிய பொருள்களுக்கான மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். வலை எழுதினார், சாக்கு எழுதினார், பறவைகளை எழுதினார். பேனாவை நிறுத்தி, "போன் எழுதட்டுமா சார்?" என்று கேட்டார். போனைக் கைப்பற்றியதாக எழுதினால் என் பெயரும் வழக்குக் கோப்புக்குள் போகும். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. நான், "வேண்டாம், விடு" என்றேன்.

கபீர் தாளின் மேல் குனிந்துகொண்டார். டிரைவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இவர் நம்ம ஆள் என்பது போல, "அப்ப போன குட்த்துருங்கோ சார்" என்று கையை நீட்டினான். நீட்டிய கையில் கௌதாரிச் சிறகு ஒட்டியிருந்தது. அந்த நிமிடம் நானும் அவனும் ஒரே கட்சியில் இருந்தோம். போனை கபீரிடம் கொடுத்து, எழுதச் சொன்னேன். படங்களை எடுத்தது யார் என்பதையும் எழுதச் சொன்னேன். என் குரலில் திடம் எதுவும் இல்லை.

உயிரோடு இருந்த எட்டையும் கோர்ட் உத்தரவு வாங்கி அன்றே விட்டோம். பிறகு, ஏழுமலை பொய் காட்டிய அந்த மனைக் கல்லுக்குப் போனேன். வலப்பக்கப் புதரில் பழைய வலைக் குச்சிகள் நட்டபடி இருந்தன. இடப்பக்கப் புதருக்குள்ளிருந்து கௌதாரி கூவியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மேடவாக்கம் போய் அவரைத் தேடினேன். ஒரு அடுக்குமாடியின் வாசலில், நீல நிறச் செக்யூரிட்டி சட்டையில், தண்ணீர் லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். அதே விரல். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். படத்தில் வேண்டுமென்றேதான் மாற்றிக் காட்டுகிறேன் என்று என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே ஏழுமலை, எனக் கேட்டேன்.

"சொன்னனே சார், ரெண்டு தபா. நீங்க என் பழைய புத்தின்னீங்கோ. அதுக்கு மேல சொன்னா இன்னா சொல்லுவீங்கன்னு தெரியும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வேறு எங்கெல்லாம் மாற்றிக் காட்டினீர்கள், உண்மையான இடங்கள் எவை, அவற்றையாவது காப்பாற்றலாம் என்று கேட்டேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்தார். நான் அதை எடுத்து அணைத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் அவர் சொல்லவில்லை. "லாரி வருது சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்கோ" என்றார்.

எனக்கு மெமோ வந்தது, தண்டனையும் வந்தது. சின்னத் தண்டனைதான். ரேஞ்சர் மேடம் எழுதிப் போராடியதில் ஏழுமலையைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் இடையில் ஏழு மாதம் விட்டுப்போனதால், பத்து வருடக் கணக்கு அவருக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருடம் போயே போய்விட்டது. அந்தக் கோப்பு இன்னும் மேலே எங்கேயோ இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நிமிட நிச்சயத்தில் நான் எழுதிய அரைப் பக்கம் ஒரு மனிதனின் ஒன்பது வருடத்தைத் தின்றுவிட்டது என்பதை என்னால் இன்னமும் ஜீரணிக்க முடியவில்லை.

படம் எடுங்கள், அனுப்ப வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வரப்பையும் உங்கள் முகத்தையும் எடுத்தால் போதும், நீங்கள் வந்து போனது தெரிந்துவிடும். ஊரில் யாராவது நீங்கள் வருவதே இல்லை என்று சொன்னால் சொல்லட்டும். அந்தச் சொல்லைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாமல்தான் நான் கெட்டேன்.

அந்தப் பெண்ணிடம் கத்திய மறுநாள், எனக்கு மனது கேட்காமல் பஸ் பிடித்துப் போனேன். படத்தில் பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எண்கள் தேவைப்படவில்லை. பொழுது சாய்கிறவரை அந்த வேலிகாத்தான் புதருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒரு குருவிகூட வந்து அடையவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன். எச்சம் இல்லை, சிறகு இல்லை, ஒன்றுமே இல்லை.

ஆகவே, அம்மா, உன்னிடம் கத்தியதற்கு மன்னித்துக்கொள். ஏழுமலை காட்டிய புதர் காலியாக இருப்பதைப் பார்த்தால் கோபப்படாதே, யாரிடமும் எழுதிக் கொடுத்துவிடாதே. போனைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு நட. என்றைக்காவது ஒருநாள் உண்மையான புதரைக் காட்டுவார். எனக்கு அவர் இன்னும் காட்டவில்லை.